சீமையம்மா தொலைத்த மாடுகள்

அன்று பிற்பகல் கடலூர் டிரங்க் டெலிபோன் ஆபீசில் இருந்தவர்கள் நான்கு பேர். ஸ்விட்ச்போர்டில் நான். பக்கத்துப் போர்டில் ஸ்டெல்லா. எங்கள் முதுகுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு சூப்பர்வைசர். கண்ணாடிக் கூண்டுக்குள், ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சீமையம்மா. இருந்திருக்க வேண்டியவர், இல்லாதவர், ஒருவர்தான்: அவருடைய கணவர் காசிம் பாய். சிதம்பரத்திலிருந்து எங்களோடு ஒரே பஸ்ஸில் வந்தவர், ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டார். "நீங்க போங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று தெருவைத் தாண்டிப் போனார். அவர் டீ குடிக்காதவர் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

சீமையம்மா, வேல்ஸ் நாட்டில் இருந்த தன் அக்காளோடு பேச வந்திருந்தார். மூன்று நிமிஷத்துக்குத்தான் பணம் கட்டியிருந்தது. அதற்குள், தான் தொலைத்துவிட்ட மாடுகளின் பேர்களை அக்காளிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதை எழுதினால் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிகிறது. அவரைத் தெரிந்திருந்தால் அப்படித் தோன்றாது.

காசிம் பாய் பரங்கிப்பேட்டைக்காரர். வாலிபத்தில் சரக்குக் கப்பல்களில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர். அந்தக் கரியை ஏற்றும் துறைமுகம் வேல்ஸில் இருந்தது. அங்கே கப்பல்காரர்களுக்குச் சோறு போடும் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்ணை நிக்காஹ் செய்து, சுதந்திரம் வந்த மறுவருஷம் ஊருக்கு அழைத்து வந்தார். பிறகு சிதம்பரத்தில் பீங்கான் கடை வைத்தார்கள். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் நான் குடியிருந்தேன். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஊர்மாடு மேய்ப்பவர் என் அப்பா. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிய முதல் ஆள் நான். டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்து, புவனகிரி வழியாகக் கடலூருக்குப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன்.

காசிம் பாய் மனைவியின் சொந்தப் பேரைத் தெருவில் யாராலும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. அதனால் சீமையம்மா. சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பரங்கிப்பேட்டைப் பெண்களிடம் கற்ற தமிழில், தெருக்கோடி வரை கேட்கும்படி "காசிம்!" என்று புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். தெரு அதற்கு மட்டும் கடைசி வரை பழகவில்லை.

குடிவந்த அன்றே நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "நீங்க இங்கிலீஷ்காரங்களாம்மா?" என்றேன்.

கோப்பை துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு சொன்னா?"

"தெருவுல சொன்னாங்க..."

"நான் இங்கிலீஷ்காரி இல்ல தம்பி. அவன் வர்றதுக்கு முன்னாடியே அந்த மண்ணுல இருந்த ஜனம் நாங்க. அப்பறம்தான் அவன் வந்து புடிச்சிக்கிட்டான்."

"அங்கேயும் வெள்ளைக்காரன் வந்து புடிச்சுட்டானா!"

உள்ளே வைக்கோல் பிரித்துப் பீங்கானை எடுத்துக்கொண்டிருந்த காசிம் பாயின் குரல் வந்தது. "அங்க புடிச்சிப் பழகிக்கிட்டுத்தான் தம்பி இங்க வந்தான்."

நான் எதையும் புத்தகத்தில் பார்த்தால்தான் நம்புகிறவன். நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். வேல்ஸ்காரர்களைக் கெல்ட்டுகள் என்று போட்டிருந்தது. இரும்பு வாளும் தேரும் வைத்து ஒரு காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்த பழைய ஜனம். ரோமாபுரிக்காரனும் அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் நெருக்க நெருக்க மேற்கே ஒதுங்கி, கடைசியில் கடலோரத்து மலைகளில் மிஞ்சியவர்கள். அவர்களுடைய பூசாரிகள் தெய்வக் கதையையும் சட்டத்தையும் நட்சத்திரங்களின் போக்கையும் வாயால் சொல்லிக் காதால் வாங்கி, இருபது வருஷம் வரை மனப்பாடம் செய்வார்களாம். எழுத்துத் தெரியாமல் அல்ல. அவற்றை எழுதுவது முறையல்ல என்று வைத்திருந்தார்கள்.

ஓடிவந்து இதைச் சீமையம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"எங்கம்மாவும் அப்படித்தான். ரொட்டிக்கு எவ்வளவு உப்புன்னுகூட எழுத வுடமாட்டாங்க. காதுல போட்டா தங்கும் தம்பி, காயிதத்துல போட்டா கரையான் திங்கும்."

இதைத்தான் அவர் ஆயுசுக்கும் பிடித்துக்கொண்டிருந்தார். கடையில் பென்சில் கிடையாது. தெருவில் எந்த வீட்டில் எந்தப் பூப்போட்ட கோப்பை இருக்கிறது, அதில் எது உடைந்தது, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஊதுபத்தி வாங்கப் போகும் பெண்ணை நிறுத்தி, "ஒங்க வீட்ல நீலப்பூ கோப்பைக்கு ஒரு சாசர் கொறயுதுல்ல?" என்பார். அந்தப் பெண் வீட்டுக்குப் போய், யார் போட்டு உடைத்தது என்று விசாரணை வைப்பாள்.

கதைகளும் அப்படித்தான். அவருக்குக் கதை சொல்ல நேரம் காலம் இல்லை. எந்த இடத்தில் எது நினைவு வருகிறதோ அங்கேயே ஆரம்பித்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை காலை மஸ்தான் பாயின் கறிக்கடையில் வரிசையில் நிற்கும்போது, மேடையில் அடுக்கியிருந்த ஆட்டுத் தலைகளைப் பார்த்து ஆரம்பித்தார். அவர்கள் நாட்டில் ஒரு ராஜா இருந்தானாம். எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாத ராட்சச உருவம். போரில் விஷ ஈட்டி பட்டு, இனிப் பிழைக்கமாட்டோம் என்று தெரிந்ததும், என் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள் என்று தன் ஆட்களிடமே சொன்னான்.

"வெட்டிட்டாங்க. ஆனா தலை சாவல. பேசுது, சிரிக்குது, எல்லாரோடயும் விருந்துல ஒக்காந்து கதை சொல்லுது. எண்பது வருஷம்! இவுங்களுக்கும் ஊர் நெனப்பே வரல. ஒரு நாளு, தொறக்கக் கூடாத ஒரு கதவைத் தொறந்துட்டாங்க. பாத்தா, தூரத்துல சொந்த ஊர் தெரியுது. அந்த நிமிஷமே தலை பேச்சை நிறுத்திருச்சி."

வரிசை அசையவில்லை. முன்னால் நின்றவர் கையில் வாங்கிய தலையை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீமையம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவுது" என்றார் மஸ்தான் பாய். "யாவாரம் நடக்குற நேரத்துல இந்தக் கதையா? இன்னிக்கித் தலை ஒண்ணுகூட விக்காது."

"பேசாத தலையாப் பாத்துக் குடு" என்றார் சீமையம்மா. கடையே சிரித்தது.

ஆனால் அந்தக் கதவைத் திறந்த இடத்தைச் சொல்லும்போது அவர் குரல் எப்படி இறங்கியது என்பதை நான் கவனித்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

எல்லாக் கதையையும் முடித்துவிடுகிறவர், ஒரே ஒரு கதையை மட்டும் முடிக்கமாட்டார். அதைத்தான் ஜனம் திரும்பத் திரும்பக் கேட்கும். நான் முதன்முதலில் அதைக் கேட்டது வீராணம் ஏரிக்கரையில். லால்பேட்டையில் காசிம் பாயின் சொந்தத்தில் ஒரு கல்யாணம், என்னையும் அழைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து காற்று வாங்க ஏரிக்கரைக்கு வந்தோம். தண்ணீரைப் பார்த்ததும் சீமையம்மா உட்கார்ந்துவிட்டார்.

மலைமேல் ஓர் ஏரி. கரையில் மாடு மேய்க்கிற ஒரு பையன். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து, அலைமேல் உட்கார்ந்து தலை வாரினாள். அவன் தன் ரொட்டியைக் காட்டிக் காட்டி அவளைக் கரைக்கு வரவைத்தான். அவளுடைய தகப்பன் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து சம்மதம் கொடுத்தான். சீதனமாக, அவள் ஒரே மூச்சில் எத்தனை எண்ணிச் சொன்னாளோ அத்தனை மாடுகள் ஏரியிலிருந்து ஏறி வந்தன. ஒரே ஒரு நிபந்தனை. காரணமில்லாமல் மூன்று தடவை அவளை அடித்தால் அவள் போய்விடுவாள்.

"அடிக்கிற ஆளு இல்ல அவன். நல்லவன்தான்" என்றார் சீமையம்மா. "ஒரு நாளு எங்கியோ கெளம்பணும், இவ மெதுவா நடக்குறா. வாயேன்னு தோள்ல தட்டுனான். அது ஒண்ணு. ஒரு கல்யாணத்துல இவ அழுதா. ஏன் அழுவுறேன்னு தட்டுனான். அது ரெண்டு. ஒரு சாவு வீட்ல, மையத்து கெடக்குறப்ப, இவ சிரிச்சா. சும்மா இருன்னு தொட்டான். மூணு. எழுந்துட்டா. நேரா மாட்டுக் கொட்டாய்க்குப் போனா. ஒவ்வொரு மாட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டா. மேயுற மாடு வந்துச்சி. ஏர்ல கட்டியிருந்த மாடு ஏரோட வந்துச்சி. அந்த ஏர் கீறுன தடம் இன்னும் அந்த மலையில இக்கிது, நான் கண்ணால பாத்திருக்கேன். அறுத்துக் கொக்கியில மாட்டியிருந்த கறுப்புக் கன்னுக்குட்டியக்கூடக் கூப்பிட்டா. அதுவும் உசுரோட எறங்கி வந்துச்சி. எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு..."

நிறுத்திவிட்டார்.

"கூட்டிக்கிட்டு?" என்றார்கள் பெண்கள்.

"எப்படிக் கூப்பிட்டான்னு சொன்னாத்தான் அவ போவ முடியும். அந்தக் கூப்பாடு எனக்கு மறந்துபோச்சி. எழுந்திரிங்க, பஸ் வந்துரும்."

பெண்கள் சலித்துக்கொண்டார்கள். காசிம் பாய் மட்டும் சிரித்தார். "மறந்ததே நல்லது. எனக்கு ஏற்கெனவே ரெண்டு ஆயிருச்சி." அவர் மனைவியைத் தொட்டுக் கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. கடையில் ஏதாவது வேண்டுமென்றால் இரண்டடி தள்ளி நின்று இருமுவார். கதையால் வந்த விளையாட்டு அது. ஆனால் விளையாட்டு மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பஸ்ஸில் திரும்பும்போது சீமையம்மா எனக்கு விளக்கினார். அந்தக் கூப்பாட்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பேர். நிறத்தை வைத்து, புள்ளியை வைத்து, நெற்றியை வைத்து. அவருடைய அம்மாவுக்கு அவருடைய பாட்டி சொல்லியது. அம்மா இரண்டு மகள்களின் காதிலும் போட்டது. ஊரில் இருந்தபோது முழுசாக இருந்தது. இங்கே அந்தப் பாஷையைப் பேச ஓர் ஆளில்லை. தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வருஷம் ஒரு மாடு வரவில்லை. அடுத்து இன்னொன்று. இப்போது பாதி மந்தை இல்லை.

"ஏதாச்சும் பேர் வெச்சி முடிச்சிடலாமேம்மா" என்றேன். "எங்க அப்பா கூப்பிடுற பேரெல்லாம் இருக்கு. மயிலை, செவலை, காரி, சுட்டி..."

ரசித்துக் கேட்டார். ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று விசாரித்தார். பிறகு தலையை ஆட்டினார். "நல்ல பேருதான். ஆனா அதெல்லாம் ஒங்க அப்பா மாடு. நான் கூப்பிட்டா சேத்தியாத்தோப்புக்குல்ல போவும்?"

"அக்காவுக்கு லெட்டர் போடுங்க. எழுதி அனுப்பட்டும். எழுதி வெச்சிருந்தா தொலைஞ்சே இருக்காது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் ஒரு மாதம் கழித்து, தன்னால் தாங்க முடியாமல், எழுதிக் கேட்கத்தான் செய்தார். பதிலைக் கடை வாசலில் நின்றே எனக்குத் தமிழில் சொன்னார். நெஞ்சுச் சளியில் படுக்கையாகக் கிடந்து எழுந்திருக்கிறாராம் அக்காள். இந்தக் குளிரைத் தாண்டுவோமா என்று தெரியவில்லையாம். மாடுகளைப் பற்றி ஒரே வரி: காகிதத்தில் தரமாட்டேன், அம்மா மன்னிக்கமாட்டாள், உனக்குத் தெரியாதா?

"பாருங்க, சாவக் கெடக்குறா, இப்பவும் அதே புடிவாதம்" என்றேன் கோபத்தில்.

"அவ சொல்றது சரிதான தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. "நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

அக்காள் போனால் மந்தையும் போய்விடும். வாயும் காதும் சந்திக்க வேறு வழியில்லை. டெலிபோன்தான் என்று நான் சொன்னேன். எங்கள் ஆபீசிலிருந்து மதராஸ், அங்கிருந்து பம்பாய், அங்கிருந்து ரேடியோ வழியாக லண்டன், அங்கிருந்து அக்காளின் ஊர்த் தபாலாபீஸ். சிதம்பரத்திலிருந்து பேசினால் லைன் இன்னும் தேயும். கடலூருக்கே வந்து பேசுவது நல்லது. நாளும் நேரமும் குறித்து அக்காளுக்குத் தகவல் போயிற்று. காசிம் பாய் எதற்கும் தடை சொல்லவில்லை. பணத்தை எடுத்துக் கொடுத்தார். முதல் நாள் சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, லைன் நல்லா கேக்குமா?"

"கேக்கும் பாய்."

"நல்லா கேக்கட்டும்." போகத் திரும்பியவர் நின்றார். "இருவது வருஷமா ஊருக்குப் போவணும்னு அவ ஒரு வார்த்த கேட்டதில்ல. அத நெனச்சா ஜாஸ்தி பயமா இருக்கு. கேட்டிருந்தா நான் ஏதாச்சும் சாக்குச் சொல்லியிருப்பேன்ல?"

இப்போது நான் திருச்சிக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். நாள் முழுக்கக் காதில் குரல்கள். நெல் விலை, பிரசவச் செய்தி, சாவுச் செய்தி, எல்லாம் போர்டில் செருகும் இந்தக் கார்டு வயர்கள் வழியாகத்தான் போகின்றன. ஆனால் சில பிற்பகல்களில் லைனில் வெறும் இரைச்சல் வரும்போது, நான் கார்டைப் பிடுங்காமல் கொஞ்சம் வைத்திருக்கிறேன். அன்று கடலூரில் கேட்ட அந்தக் குரல் வந்துவிடாதா என்று.

அன்று கடலூரில், குறித்த நேரத்துக்குப் பெல் அடித்தது. லண்டன் பேசியது; பிறகு அக்காளின் ஊர். நான் கூண்டைப் பார்த்துக் கையசைத்தேன். நானும் ஹெட்போனில் இருந்தேன். வெளிநாட்டு அழைப்பு என்றால் ஆபரேட்டர் லைனில் இருக்கத்தான் வேண்டும்.

ஒரு கிழவியின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ஏதோ சொன்னது. சீமையம்மா பதில் சொன்னார். அந்தப் பாஷை பேசிய ஆளை எனக்குத் தெரியாது. அத்தனை வருஷம் நான் கேட்ட குரலுக்கு அடியில் இன்னொரு குரல் இருந்திருக்கிறது; இளசான, வேகமான, அதிகாரமான குரல். நலம் விசாரிக்கவே இல்லை இருவரும். நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். அக்காள் ஆரம்பித்தார். பாட்டுமில்லை, பேச்சுமில்லை, மேய்ச்சல் தரையில் என் அப்பா குரல் கொடுப்பாரே, அந்த இழுப்பு.

ஸ்டெல்லா தன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு என் பக்கம் சாய்ந்தாள். "பாட்டா, மந்திரமா?"

அந்தச் சமயம் பம்பாயிலிருந்து ஓர் ஆண்குரல் லைனுக்குள் விழுந்தது. எல்லையில் சண்டை நடந்து ஓய்ந்திருந்த காலம். புரியாத பாஷை என்றால் நடுவில் இருப்பவர்கள் விடமாட்டார்கள். இது என்ன பாஷை என்று இங்கிலீஷில் கேட்டது குரல். அழைப்பைப் பதியும் டிக்கெட்டில் வேல்ஸ் பாஷை என்றுதான் நான் எழுதியிருந்தேன். வழியில் யாரோ, அது இங்கிலீஷ்தானே என்று மாற்றிவிட்டிருக்கிறார்கள்.

சூப்பர்வைசரின் கை என் தோளில் இறங்கியது. "யோவ், இன்னாய்யா இது? சங்கேதம் மாதிரி இக்கிது. என் வேலைக்கு ஒல வெச்சிடாத. இன்னா சொல்றாங்க?"

"மாட்டுப் பேர் சார்."

"எது?"

"பசுமாடு சார். கூப்பிடுறாங்க."

அதையே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பம்பாய்க்குச் சொன்னேன். ஐயா, இரண்டு சகோதரிகள், மாடுகளை அழைக்கிறார்கள். பிறகு அந்தக் குரல் கேட்டது: எத்தனை மாடு?

"தெரியவில்லை ஐயா. இன்னும் வந்துகொண்டிருக்கின்றன."

ஒரு செருமல். வரட்டும் என்று சொல்லிவிட்டுப் பம்பாய் விலகிக்கொண்டது. ஆனால் மூன்று நிமிஷம் இதிலேயே தீர்ந்துவிட்டது. சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டினார். கூண்டுக்குள் சீமையம்மா என்னைப் பார்த்தார். அவர் கூடுதல் நேரம் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை. ரிசீவரைக் காதிலிருந்து மெதுவாக எடுத்தார்.

"தம்பி, இன்னும் மூணு நிமிஷம் போடு" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

கதவருகே காசிம் பாய் நின்றுகொண்டிருந்தார். எப்போது தெருவைத் தாண்டி வந்தார் என்று தெரியவில்லை. கையில் மடித்த நோட்டுகளை வைத்திருந்தார். கண்ணாடிக்குள் மனைவி அவரையே பார்த்தார். "இங்க பாக்காத. கூப்பிடு" என்றார் பாய்.

மறுபடியும் ஆரம்பித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது: அக்காளிடமும் முழு மந்தை இல்லை. சில இடங்களில் கிழவியின் குரல் தடுமாறி நின்றது. நின்ற இடத்தில் தங்கை எடுத்துக் கொடுத்தார். இவருக்குத் தொலைந்தது அவரிடம் இருந்தது. அவருக்குத் தொலைந்தது இவரிடம் இருந்தது. ஆளுக்கொரு மாடாக ஓட்டி வந்தார்கள். என் கையில் டிக்கெட் எழுதும் பென்சில் இருந்தது. அதை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டேன். கடைசியில் இருவரும் சேர்ந்து, ஒரே குரலில், தாழ்ந்து, குழந்தையை எழுப்புவதுபோல ஒன்றைச் சொன்னார்கள். அது கறுப்புக் கன்று என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மிச்சமிருந்த நேரத்துக்கு இருவரும் பேசவில்லை. மூச்சும், ரேடியோவின் கடல் இரைச்சலும் மட்டும் கேட்டன. யாரும் லைனை வெட்டவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சீமையம்மா ஜன்னலோரம். அந்தக் கூப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார், முதலிலிருந்து கடைசி வரை, திரும்ப முதலிலிருந்து. புவனகிரிப் பாலத்தில் பஸ் நின்றபோது, கீழே வெள்ளாற்று மணலில் மாடுகள் படுத்திருந்தன. அவை தலையைத் தூக்கிப் பார்த்தன என்று எழுத எனக்கு ஆசை. பார்க்கவில்லை. அசை போட்டுக்கொண்டிருந்தன.

அத்தனை பேர்களையும் அன்று நானும்தான் கேட்டேன். ஒன்றுகூட இப்போது நினைவில்லை. அந்த இழுப்பு மட்டும் இருக்கிறது.

பாலம் தாண்டியதும் காசிம் பாய் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி பேசினார். "போவணும்னா சொல்லு. கடைய வித்தாவது கப்பலுக்கு டிக்கெட் எடுத்துத் தரேன். மனசாரத்தான் சொல்றேன்."

சீமையம்மா முணுமுணுப்பை நிறுத்தினார். சிதம்பரத்துக் கோபுரம் தெரிந்தபோதுதான் அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு எடுத்துடுவ காசிம்" என்றார். "இத்தன மாட்டுக்கும் யாரு டிக்கெட் எடுக்குறது?"

பாய் சிரிக்க முயன்று, முடியாமல், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். டிரங்க் சார்ஜ் ஆறு நிமிஷத்துக்கு, இரண்டு பேருக்கும் போக வர பஸ் சார்ஜ், எல்லாம் சேர்த்து அவர்களுக்கு அன்று ஆன செலவு தொண்ணூற்றொன்பது ரூபாய் அறுபது காசு.